‘என்ன?’ என்று கேட்ட கை

இப்படி உட்காருங்க சார், அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். ஜன்னலை இழுக்காதீங்க, வராது. தினம் இந்த பஸ்ஸில் வருகிறவன் நான், எனக்கே ஒருநாளும் வந்ததில்லை. தாம்பரமா? நானும் அங்கேதான். முன் சீட்டுப் பாப்பா என்னையே பார்க்கிறாள் பாருங்க, அம்மா தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு. என் கண் சிவந்திருக்கிறது இல்லையா, அதனால்தான். குடிகாரன் என்று நினைத்துவிடாதீங்க. ராத்திரி வேலை முடித்து வருகிறேன்.

என்ன வேலை என்றால், பார்க்கிற வேலை. சிரிக்காதீங்க, நிஜமாகவே அதுதான். அமெரிக்காவில் கடை, குடோன், கார் நிறுத்துகிற இடம் எல்லாவற்றிலும் கேமரா வைத்திருக்கிறார்கள். அதை உட்கார்ந்து பார்க்க அங்கே ஆள் போட்டால் கட்டுபடி ஆகாது. அதனால் பெருங்குடியில் ஒரு மாடியில் நாங்கள் பார்க்கிறோம். எங்களுக்கு ராத்திரி, அவர்களுக்குப் பட்டப்பகல். வெளியே இருட்டும் கொசுவும், என் முன்னால் மானிட்டரில் சுள்ளென்று வெயில். பல வருஷமாக நான் பார்த்த வெயிலெல்லாம் அந்த ஊர் வெயில்தான். என் பெண்டாட்டி தமயந்தி சொல்வாள், “உங்களுக்கு இங்க மழை பேஞ்சா தெரியாது. அங்க பேஞ்சாத்தான் கொடியில துணி எடுப்பீங்க.”

எந்த ஊர் என்று சொல்லக் கூடாது, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒரு பெரிய மளிகைக் கடை, முன்னால் மைதானம் மாதிரி கார் நிறுத்துகிற இடம், அவ்வளவு வைத்துக்கொள்ளுங்க. அங்கே நடந்ததை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், மறந்தும் போயிருப்பீர்கள். அங்கே அது மாதிரி ஒன்று மாற்றி ஒன்று நடக்கிறது, எதை ஞாபகம் வைப்பது.

முன்பின் தெரியாத உங்களிடம் ஏன் சொல்கிறேன்? இன்றைக்குச் சாயங்காலம் அந்த ஊர் வக்கீலம்மா ஒருத்தர் வீடியோவில் என்னிடம் பேசுகிறார். கேள்வி ஒன்றே ஒன்றுதானாம். “அந்த ஆள் அதற்கு முன்னால் எப்போதாவது மிரட்டினானா?” இல்லை என்று சொல்லப் போகிறேன். யாரிடமாவது ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பார்த்துவிட்டால் நாக்கு தடுமாறாது. வீட்டில் ஆரம்பித்தால் தமயந்தி எழுந்து போய்விடுகிறாள்.

மிரட்டவே இல்லை சார். தினமும் விசாரிப்பான். அதைத்தான் யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். கேமரா உயரத்தில் இருக்கும், கம்பத்தின் மேல், கூரை மூலையில். அதனால் எனக்கு ஆள்களை மேலேயிருந்துதான் தெரியும். முகம் தெரியாது. உச்சந்தலை தெரியும், வகிடு தெரியும், வழுக்கை தெரியும், நடை தெரியும். பேர் தெரியாது, குரலும் கேட்காது. எங்கள் பக்கம் சத்தம் வராது சார், படம் மட்டும்தான். ராத்திரி முழுக்க பேர் இல்லாத தலைகளை எத்தனை நாள் பார்ப்பீர்கள்? நானாகப் பேர் வைத்துக்கொண்டேன். மூன்றாவது கல்லாவில் ஒரு அம்மா. வகிட்டில் ஒரு வெள்ளைக் கீற்று, நடக்கும்போது இடது கால் கொஞ்சம் பின்னால் இழுபடும். பூங்கொடி என்று வைத்தேன். ஏன் பூங்கொடி என்று கேட்காதீங்க, தமயந்தியும் கேட்டாள். “என் வகிடு எப்படி இருக்கும்னு சொல்லுங்க பார்ப்போம்” என்றாள். நான் என்ன அவளை மேலேயிருந்தா பார்க்கிறேன்?

அந்த ஆளுக்குப் பேர் சம்பந்தம். அது என் சகலை பேர், தமயந்தியின் தங்கை புருஷன். அவனை மாதிரியே தோளை ஒரு பக்கம் சாய்த்து நடப்பான், உச்சியில் அதே வட்ட வழுக்கை. கடைக்கு வருகிறவர்கள் சாமானை காரில் ஏற்றிவிட்டு டிராலியை அங்கங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகி, ரயில் மாதிரித் தள்ளிக்கொண்டு வருவான். என் வயசுதான் இருக்கும். அந்த வயசில் அந்த வேலை. நானும் இந்த வயசில் இந்த வேலை. சம்பந்தப்பட்டவன்தானே?

எங்களிடம் ஒரு மைக் உண்டு. இங்கே பேசினால் அங்கே கம்பத்தில் ஒலிபெருக்கியில் கேட்கும். இஷ்டத்துக்குப் பேச முடியாது. எழுதிக்கொடுத்த ஒரே வாசகம்தான், இங்கிலீஷில். “இது தடை செய்யப்பட்ட இடம். நீங்கள் படம் பிடிக்கப்படுகிறீர்கள். தயவுசெய்து வெளியேறவும்.” நான் ஸ்கூலில் இங்கிலீஷ் படித்தவன் இல்லை சார். லாட்ஜில் ராத்திரி டூட்டி பார்த்தபோது, யாராவது அறையில் விட்டுப்போன பேப்பரை வைத்துக்கொண்டு நானாகக் கற்றுக்கொண்டது. அந்த வாசகத்தை வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

அதை முதன்முதலில் சொன்னது சம்பந்தத்திடம்தான். கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அங்கே யாரும் உட்காரக் கூடாது என்பது ரூல். மானிட்டரில் சிவப்புக் கட்டம் வந்தது, மைக்கை அழுத்திச் சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன். தூக்கிவாரிப் போட்டு எழுந்தான் பாருங்க, மடியிலிருந்த சாப்பாடு அப்படியே தரையில். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணாந்து கேமராவைப் பார்த்து என்னவோ நீளமாகப் பேசினான். எனக்குத்தான் எதுவும் கேட்காதே. பேசி முடித்து கையைத் தூக்கி, நம்ம ஊரில் தூரத்திலிருந்து ‘என்ன?’ என்று கேட்போமே, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி, அந்த மாதிரி கேட்டான்.

நான் ஆடிப்போய்விட்டேன். ஒரு வெள்ளைக்காரன், நம்ம ஊர்க்காரன் மாதிரி, ‘என்னப்பா?’ என்கிறான்! நானும் இந்தப் பக்கம் மானிட்டரைப் பார்த்துக் கையைத் திருப்பி ‘ஒண்ணுமில்லப்பா, நீ என்ன?’ என்றேன். பக்கத்து சீட் நூருல்லா சிரித்தான். “யாருண்ணே அது?” “என் சகலைடா.” “சகலையா? சாப்பாட்டைத் தட்டிவிட்டா சகலை சும்மா விடுவானா?” நல்ல பையன் நூருல்லா. கேலி பண்ணுவான், ஆனால் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைப்பான்.

அன்றையிலிருந்து தினமும். கம்பத்துக்குக் கீழே டிராலியோடு வரும்போதெல்லாம் நிற்பான், அண்ணாந்து பார்ப்பான், கையைத் தூக்குவான். நம்ம ஆள்கள் மாதிரி மணிக்கட்டைத் திருப்பமாட்டான், கடைசியில் மேல்பக்கமாக ஒரு உதறு, அவ்வளவுதான். அவர்களுக்கு நம்ம மாதிரி மணிக்கட்டு திரும்பாது போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கண்ணை இடுக்கிக்கொள்வான், வெயில் அப்படி. நானும் பதிலுக்குக் கேட்பேன். அவனுக்கு அது தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தன் விசாரிக்கும்போது சும்மா இருக்க முடியுமா சார்? என் கூடப்பிறந்தவன் போன் பண்ணி எவ்வளவு காலமாகிறது தெரியுமா? அது வேண்டாம், அது வேறு கதை.

துப்பாக்கி விஷயம் சொல்ல வேண்டும். அங்கே அது சகஜம். நான் சேர்ந்த புதிதில், ஒருத்தன் இடுப்பில் துப்பாக்கியோடு கடைக்குள் போனதைப் பார்த்துப் பதறி, போலீஸைக் கூப்பிடுகிற பட்டனை அழுத்திவிட்டேன். போலீஸ் வந்து பார்த்தால், வீட்டுக்குப் பால் வாங்க வந்தவன். பெரிய புகார் ஆகிவிட்டது. எங்கள் டீம் லீடர் ஜெரால்டு, ராயபுரத்துப் பையன், கூப்பிட்டுச் சொன்னான்: “மாசிலாமணி சார், அங்க அது சட்டம். நம்ம பெருசுங்க பெல்ட்ல செல்போன் கவர் மாட்டியிருக்கும்ல, அந்த மாதிரி. எடுத்து நீட்டினாத்தான் நாம கூப்பிடணும். முனை கீழ பார்த்துட்டு இருந்தா கம்முனு இருங்க.” முனை கீழே இருந்தால் கம்மென்று இரு. இதையும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்புறம் ஒருநாள் கடை மேனேஜர் வெளியே வந்து, சம்பந்தம் மேலே போட்டிருந்த பச்சைக் கலர் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார். கார்களுக்கு நடுவில், எல்லாரும் பார்க்க. வேலை போய்விட்டது. ஏன் போனது, எனக்கு எப்படித் தெரியும், சத்தம் கேட்காதே. பனியனோடு கொஞ்ச நேரம் நின்றான். மூன்றாவது கல்லா பூங்கொடி வெளியே வந்து கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தாள். அதை நான் பார்த்தேன். எழுதிவையுங்கள் சார், அவள் கொடுத்தாள்.

அதற்கப்புறமும் வந்தான். பழைய காரில் வந்து ஓரத்தில் நிறுத்திவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பான். சாமான் வாங்காமல் ரொம்ப நேரம் நின்றால் நான் வாசகத்தைச் சொல்லியாக வேண்டும், அது ரூல். சொல்வேன். தடை செய்யப்பட்ட இடம், படம் பிடிக்கப்படுகிறீர்கள், தயவுசெய்து வெளியேறவும். அவன் கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ‘என்ன?’ என்பான். நானும் ‘என்னப்பா பண்றது, ரூல்’ என்பேன். வேலையில்லாதவனுக்குப் போக ஓர் இடம் வேண்டுமில்லையா? நானே லாட்ஜ் வேலை போனபோது தினம் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருக்கிறேன். முன்பைவிட கையை அதிக நேரம் நீட்டிக்கொண்டிருப்பான். பாவம், பேச ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் நான்தான்.

நூருல்லா ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணே, அது…” என்று ஆரம்பித்தான். “என்னடா?” என்றேன். “ஒண்ணுமில்லண்ணே” என்று போய்விட்டான்.

சரி, அன்றைக்கு. அங்கே சனிக்கிழமை, விடுமுறை, குழந்தை குட்டிகளோடு கூட்டம். சம்பந்தம் காரிலிருந்து இறங்கினான், கையில் நீளமான துப்பாக்கி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முனை கீழே பார்த்திருந்தது சார். சத்தியமாகக் கீழேதான். பக்கத்தில் டிராலி தள்ளிப்போன ஒருத்தர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே இருக்கிறவனுக்கே பயமில்லை என்றால் பெருங்குடியில் உட்கார்ந்திருக்கிற நான் என்ன பண்ணுவது? “ஜெரால்டு” என்று கூப்பிட்டேன். வந்து பார்த்தான். “முனை கீழதான இருக்கு?” என்றான். “நம்ம ஆள்தான், எனக்குத் தெரியும்” என்றேன். அப்படித்தான் சொன்னேன். தெரிந்தவனைத் தெரியும் என்றுதானே சொல்ல முடியும்?

கம்பத்துக்குக் கீழே வந்து நின்றான். அண்ணாந்து பார்த்தான். அன்றைக்குக் கையைத் தூக்கவில்லை, இரண்டு கையிலும் அதைப் பிடித்திருந்தான். நான்தான் கேட்டேன், இந்தப் பக்கத்திலிருந்து, ‘என்ன?’ என்று. அவன் கேட்காத அன்றைக்கு நான் கேட்டேன். பார்த்துவிட்டு உள்ளே போனான்.

சத்தம் இல்லை சார். யாரும் புரிந்துகொள்வதில்லை அதை. டிவியில் பார்த்தவர்களுக்கு சத்தம் உண்டு, எனக்கு இல்லை. கதவு திறந்தது, ஜனம் ஓடி வந்தது. தீ பிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு டிராலி தானாக உருண்டு சரிவில் போய்க்கொண்டே இருந்தது, அதில் ஒரு தர்பூசணி. ஜெரால்டு போலீஸுக்கு போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான். நான் மைக்கை அழுத்தினேன். வாசகம் வரவில்லை. கண்ணாடி முன்னால் பழகிய இங்கிலீஷ் எங்கே போனது என்று தெரியவில்லை. “ஓடுங்க! நிக்காதீங்க! ஓடுங்கம்மா, ஓடுங்க!” என்று தமிழில் கத்துகிறேன். அந்த மைதானம் முழுக்க, அந்த வெயிலில், என் குரல். தமிழ்.

பூங்கொடி ஓடி வந்தாள். இடது காலை இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு. கம்பத்துக்குக் கீழே வரும்போது என் சத்தம் கேட்டு நின்றாள். நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்தது அப்போதுதான், முதன்முதலாக. நடுத்தர வயசு, மூக்கில் மச்சம் மாதிரி ஏதோ, வாய் திறந்திருந்தது. என்ன சொல்கிறான் இவன் என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். “ஓடும்மா” என்றேன். நின்று கேட்டாள். “ஓடும்மா பூங்கொடி” என்றேன். அப்போது படம் போய்விட்டது. அந்த ஊர் போலீஸ் கேமராவைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டால் எங்களுக்கு இருட்டிவிடும், அது முறை.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

செத்தவர்களின் படம் பேப்பரில் வந்தது. எல்லாரும் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கல்யாணத்தில் எடுத்தது, பிறந்தநாளில் எடுத்தது. பேர்கள் எல்லாம் வேறு பேர்கள், பூங்கொடி என்று யாரும் இல்லை. ஓர் அம்மா படத்தை வைத்துக்கொண்டு ராப்பகலாகப் பார்த்தேன். அவளா? சிரித்தால் முகம் மாறிவிடுமே. வகிடு தெரிகிற மாதிரி ஒரு படம் போட்டிருந்தால் நொடியில் சொல்லியிருப்பேன். எனக்கு உச்சந்தலைதான் தெரியும், அதை யார் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்? ஜெரால்டிடம் கேட்டேன். “அந்த சைட் நம்மகிட்ட இல்ல சார் இப்போ, விட்டுருங்க” என்கிறான். இப்போது எனக்குக் கொடுத்திருப்பது ஒரு குடோன். மனுஷ நடமாட்டமே கிடையாது, ராத்திரி முழுக்க ஒரு பூட்டு.

எல்லாரும் காரணம் சொல்கிறார்கள் சார். ஆபீஸில் டீ குடிக்கும்போது அதுதான் பேச்சு. நூருல்லா சொல்கிறான், “துப்பாக்கிய வெண்டைக்கா மாதிரி எடை போட்டு விக்கிறானுங்க, வாங்கினவன் சமைக்காம இருப்பானா?” ஜெரால்டு, “துப்பாக்கி என்ன பண்ணும், இவனுக்கு மண்டை சரியில்ல” என்கிறான். அங்கே டிவியிலும் இதே சண்டைதான், கோட்டு போட்டுக்கொண்டு. தமயந்தி ஒரே ஒருதரம் வாயைத் திறந்தாள். “எங்க அப்பாவுக்கு வேலை போனப்போ அவரும் கையில கிடைச்சதைத் தூக்கி அடிச்சார். கையில கிடைச்சது தண்ணிச் செம்பு. அதான் நாங்க எல்லாரும் இருக்கோம்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அந்த விவகாரமெல்லாம் வேண்டாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அவன் கெட்டவன் இல்லை. என்னவோ ஒருநாள் புத்தி பிசகிவிட்டது. மிரட்டுகிறவன் தினம் நின்று, அண்ணாந்து பார்த்து, ‘என்ன?’ என்று விசாரிப்பானா? வக்கீலம்மாவிடம் இதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு நானும் அவரிடம் ஒன்று கேட்பேன். வகிட்டில் வெள்ளைக் கீற்று, இடது கால் இழுபடும், மூன்றாவது கல்லா. இருக்கிறாளா என்று. வேறு ஒன்றும் வேண்டாம். நடுவில் ஒருநாள் நூருல்லாவைக் கேட்டேன், நீயும் சாட்சி சொல்லுடா, அவன் தினம் விசாரிப்பான் என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டான். சீட்டையும் மாற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டான். டீ இப்போது நானேதான் வாங்கிக்கொள்கிறேன்.

எப்படிக் கேட்பான் என்றா கேட்கிறீர்கள்? காட்டுகிறேனே. இந்தச் சாப்பாட்டுப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்க. இதோ பாருங்க. கை இப்படி நேராக வரும். கட்டைவிரல் மேலே, இந்த விரல் முன்னால். ஒரு கண்ணை இப்படி இடுக்கிக்கொள்வான், வெயில். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பான். அப்புறம் ஒரு உதறு, இப்படி…

அம்மா, பாப்பாவைப் பாருங்க, தலை அப்படியே தொங்குது! மயக்கமா? வெயில் ஒத்துக்கலையா? தண்ணி இருக்கா சார் உங்ககிட்ட? என்னம்மா சிரிக்கிறீங்க? நாக்கை வேற வெளிய தொங்கப்போட்டுக்கிட்டு…

விளையாடுதா?

என்ன விளையாட்டு?

யாரு சுட்டாங்க? நானா?

சார், அந்தப் பையைக் கொடுங்க. இல்லை, வேண்டாம், வைத்துக்கொள்ளுங்க, ஒரு நிமிஷம். கையை எங்கே வைக்கிறது என்று…

பாப்பா. இங்க பாரு. மாமா கையைக் கீழ போட்டுட்டேன் பாரு. எழுந்திருடா கண்ணு, போதும். மாமா சுடலடா. ‘என்ன?’னுதானே கேட்டேன். கண்ணைத் திற.